ஒன்று போல இரண்டு சைக்கிள்

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் இரண்டாகத்தான் வாங்குவோம். ஒன்று என் அண்ணன் ஜெயகணேஷுக்கு, ஒன்று எனக்கு. ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே விலை. அவனுக்கு நாற்பத்தெட்டு வயது, எனக்கு நாற்பத்தாறு. இன்றைக்கும் தீபாவளிக்கு எங்கள் அம்மா வடிவம்மாள் ஒரே துணிச்சுருளிலிருந்துதான் எங்கள் இருவருக்கும் சட்டைத்துணி வெட்டச் சொல்வாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால், பேண்டு வாசிக்க வந்தவர்கள் என்று நினைத்து யாராவது எங்களைப் பந்தலுக்குப் பின்னால் அனுப்பிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

இது அம்மா போட்ட சட்டம். அதற்குக் காரணம் உண்டு. தாத்தா கொழும்பிலிருந்து வந்தபோது பெரியப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரமும் அப்பாவுக்கு ஒரு டார்ச் லைட்டும் கொண்டுவந்தார். அவர் எதை நினைத்துக் கொண்டுவந்தாரோ தெரியாது. அந்தக் கடிகாரத்தில் ஆரம்பித்த பேச்சு வளர்ந்து, அண்ணன் தம்பி சேர்ந்து நடத்திய கடை இரண்டானது. எதிரெதிர்க் கடைகளில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்து ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். பெரியப்பா இறந்த அன்று அப்பா கடையை அடைக்கவில்லை. குடோனுக்குள் போய்ப் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார். அதைப் பார்த்த அம்மா தன் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நாள் வரக்கூடாது என்று முடிவு செய்துவிட்டாள். ஆறாம் வகுப்பில் அண்ணனுக்குக் கண்ணாடி போட்டபோது எனக்கும் ஒன்று வந்தது. என்னுடையதில் வெறும் கண்ணாடி. பார்வை நன்றாக இருந்தும் இரண்டு வருஷம் நான் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

சைக்கிளும் அப்படி வந்ததுதான். ஐந்து வருஷத்துக்கு முன் அண்ணனுக்குச் சர்க்கரை என்று சொல்லி, சைக்கிள் ஓட்டச் சொன்னார் டாக்டர். எனக்குச் சர்க்கரை இல்லை. ஆனாலும் இரண்டு சைக்கிள் வந்து இறங்கின. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பி, முத்தையாபுரம், முள்ளக்காடு தாண்டி, உப்பளத்து வரப்புகளிலேயே பழையகாயல் வரைக்கும் போய்த் திரும்புவோம். மூன்று மணி நேரம். எங்களுக்கு ஹார்டுவேர் கடை. அவன் கல்லாவில் இருப்பான், நான் குடோனில். வாரம் பூராவும் "அரை இஞ்சு பைப் எல்போ இருக்காலே?", "இருக்குண்ணே" என்பதுதான் எங்கள் பேச்சு. பிள்ளைகள் படிப்பு, அம்மாவின் முட்டிவலி, மனக்குறை, ஊர்ப்புறணி எல்லாம் அந்த வரப்பில்தான். அது இல்லையென்றால் நாங்கள் வெறும் கூட்டாளிகள். எனக்கு அது நன்றாகத் தெரியும். அவனுக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாசியில் இரண்டு சைக்கிளும் ஒரே மாதத்தில் படுத்துவிட்டன. உப்புக்காற்று ஃப்ரேமை உள்ளேயே தின்றுவிட்டிருந்தது. மிதிகட்டை பொருந்துகிற இடத்தில் விரலால் அழுத்தினால் துரு அப்பளமாக நொறுங்கியது. புதிது வாங்க வேண்டும் என்றானதும் பெரிய சக்கரம், இருபத்தொன்பது இன்ச் என்று ஒரு நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. வரப்பில் வெடிப்பும் வண்டித்தடமும் கிடக்கும். சின்னச் சக்கரம் அதில் விழும். பெரிய சக்கரம் விழாமல் உருண்டுபோகும். இதில் சண்டை இல்லை.

சண்டை பின்சக்கரத்தில் வந்தது. முன்னால் மட்டும் அதிர்வு தாங்குகிற ஷாக் வைத்து, பின்பக்கம் விறைப்பாக இருக்கிற சைக்கிளுக்கு ஹார்ட்டெயில் என்று பெயர். முன்னாலும் பின்னாலும் ஷாக் இருந்தால் ஃபுல் சஸ்பென்ஷன். நான் ஹார்ட்டெயில் என்றேன். அண்ணன் ஃபுல் சஸ்பென்ஷன் என்றான்.

"பின்னால அத்தன மூட்டு, அத்தன பேரிங். உப்புக்காத்துல ஒரு வருசம் தாங்குமாண்ணே?" என்றேன்.

"தாங்கும். கிரீஸ் போட்டாப் போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஊரில் கேட்டுக்கு மாட்டிய கீல் ஒரு மழைக்காலம் தாங்காது. நாங்கள் கீல் விற்றே வீடு கட்டியவர்கள். இருபத்தைந்து வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து, "ஆடுற சாமானெல்லாம் துருப்பிடிக்கும் அண்ணாச்சி, முடிஞ்ச மட்டும் ஆடாத சாமானா வாங்குங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்தவன் இவன். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் எனக்கு முன்கோபம் அதிகம். கோபம் வந்தால் யோசனை வராது.

"ஒனக்கு வயசாயிட்டுண்ணே. மெத்தைல ஏறி உக்காரணுங்குத," என்று சொல்லிவிட்டேன்.

அவன் ரசீது புத்தகத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தான்.

வேறு வீடாக இருந்தால் ஆளுக்கு ஒன்றாக அவரவர்க்குப் பிடித்ததை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். எங்கள் வீட்டில் முடியாது. அண்ணன் தம்பி வேறு வேறு பொருள் வாங்கினால் கடையும் வேறாகப் போகிறது என்று அர்த்தம். அதனால் அவன் இறங்கி வரட்டும் என்று நானும், நான் இறங்கி வரட்டும் என்று அவனும் இருந்தோம். நான்கு ஞாயிறு போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தினத்தாளை வரி விடாமல் படித்தேன், நித்திய கண்டம் பூரண ஆயுசு என்று ராசிபலன் உட்பட. மாடியில் அவன் நடக்கிற சத்தம் கேட்கும். எங்களுக்குள் எல்போவும் டீயும் தவிர வேறு பேச்சில்லை. இப்படியே பழகிவிட்டால் என்ன ஆவது என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் வழி சொன்னவன் சைக்கிள் கடை டெரன்ஸ். புன்னைக்காயல்காரன். பதினொரு வருஷம் கப்பலில் ஃபிட்டராக இருந்துவிட்டு வந்து, பீச் ரோட்டில் கடை போட்டிருக்கிறான். ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் சைக்கிள் விற்க மாட்டான். கையில் பணத்தோடு போனாலும் திருப்பி அனுப்பிவிடுவான்.

"அண்ணாச்சி, கடைல நின்னு பேசி ஒண்ணும் ஆவாது. ரெண்டுலயும் ஒண்ணொண்ணு தாரேன். நீங்க வழக்கமாப் போற பாதைலயே போங்க. போகும்போது ஆளுக்கு ஒண்ணு. வரும்போது மாத்திக்கிடணும். மாத்தாம வந்தீங்கன்னா விக்க மாட்டேன்," என்றான்.

அந்த ஞாயிறு கிளம்பினோம். எனக்கு ஹார்ட்டெயில், அவனுக்கு ஃபுல் சஸ்பென்ஷன். பாத்திகளில் பெண்கள் உப்பு வார ஆரம்பித்திருந்தார்கள். வெயில் இன்னும் ஏறவில்லை. என் சைக்கிள் அம்பாகப் பாய்ந்தது. ஒரு மிதி மிதித்தால் அந்த மிதி முழுதும் சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் சொன்னதுதான் சரி என்று எனக்கு ஒரே எக்களிப்பு. அதைவிடச் சந்தோஷம், அண்ணன் பேசினான். நான்கு வாரத்துப் பேச்சையும் சேர்த்து வைத்துப் பேசினான். அவன் மகள் ஐஸ்வர்யா சென்னையில்தான் மேல்படிப்புப் படிப்பேன் என்று நிற்கிறாளாம். அனுப்பலாமா என்று என்னைக் கேட்டான். "அனுப்புண்ணே, அவ கெட்டிக்காரி" என்றேன். "அப்ப அனுப்பிருதேன்" என்றான். இவ்வளவு பெரிய விஷயம் வரப்பின் மேல் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. வீட்டில் என்றால் இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

பழையகாயலில் டீ குடித்தோம். குடித்துவிட்டு அண்ணன் இன்னொரு டீ சொன்னான். சர்க்கரை வந்த நாளிலிருந்து அவன் இரண்டாவது டீ குடித்து நான் பார்த்ததில்லை.

"நான் இதுலயே திரும்புறேம்லே. டெரன்ஸ்ட்ட மாத்தினோம்னு சொல்லிருவோம்," என்றான்.

"ஏன், தோத்துருவோம்னு பயமா?"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு எழுந்துபோய் ஹார்ட்டெயிலை எடுத்துக்கொண்டான்.

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஃபுல் சஸ்பென்ஷனில் ஏறி முதல் வெடிப்பைத் தாண்டினேன். வெடிப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. வண்டித்தடம், கல், கருவேல வேர் எதுவும் எனக்கு வந்து சேரவில்லை. மிதிக்கும்போது கொஞ்சம் குதித்தது, உண்மைதான். ஆனால் இருக்கையில் உட்கார்ந்தபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டு போக முடிந்தது. ஐந்து வருஷமாக இந்தப் பாதையில் வருகிறேன், தரையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பாத்திகளில் உள்ளான் குருவிகள் வரிசையாக நின்று கொத்துவதைப் பார்த்தேன். துருவாவது மண்ணாவது, வாரம் ஒருமுறை நானே உட்கார்ந்து கிரீஸ் போட்டுக்கொள்கிறேன், எனக்கு இதுதான் வேண்டும் என்று ஆகிவிட்டது. தோற்றவன் தோற்றேன் என்று சொல்ல வேண்டியதுதான். "அண்ணே, நீ சொன்னதுதான் சரி, ரெண்டு பேருக்கும் இதையே வாங்கிருவோம்" என்று வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, அவனிடம் சொல்வதற்காகத் திரும்பினேன்.

அவனைக் காணோம்.

வந்த வழியே திரும்பிப் போனேன். முக்கால் கிலோமீட்டர் பின்னால், ஓர் உப்புக் குவியலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தான். சைக்கிள் தரையில் கிடந்தது. பக்கத்தில் உப்பு வாருகிற அம்மா ஒருத்தி, பேச்சிச்செல்வி என்று பெயர், போகும்போதும் வரும்போதும் எங்களுக்குக் கையாட்டுகிறவள், தண்ணீர் பாட்டிலோடு நின்றாள்.

"விழுந்துட்டானா?" என்றேன்.

"விழல அண்ணாச்சி. இதோட ரெண்டு தடவ எறங்கி நின்னுட்டாவ. காலு மரத்துப் போச்சாம். திரும்ப ஏறப் பாத்தாவ, காலத் தூக்கிப் போட முடியல," என்றாள் அவள்.

அண்ணன் அவளைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோல் தலையை அசைத்தான். அதற்குள் அவள் சொல்லி முடித்துவிட்டாள்.

"எத்தன நாளா?" என்றேன்.

"இப்பத்தான்லே."

"அண்ணே, எத்தன நாளா?"

"ஆறு மாசம் இருக்கும்."

சரக்கெடுக்கப் போகிறேன் என்று திருநெல்வேலிக்குப் போய், ஸ்கேன் எடுத்து, டாக்டரைப் பார்த்திருக்கிறான். இடுப்பில் டிஸ்க் நகர்ந்து நரம்பை அழுத்துகிறதாம். அதிர்வு கூடவே கூடாது, மெத்தென்று இருக்கிற சைக்கிள் என்றால் பிறகு பார்க்கலாம் என்றாராம் டாக்டர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு ஆறு மாதமாக எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். நானோ அவனைப் பார்த்து வயசாயிட்டு என்று சொல்லியிருக்கிறேன். என்மேல் வந்த கோபத்தை எல்லாம் அவன்மேல் காட்டினேன்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்த? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னா நீயும் சைக்கிள விட்ருவ."

"நான் எதுக்கு விடணும்?"

"எனக்கு டைபாய்டு வந்தப்ப நீ ரெண்டு மாசம் பந்து வெளையாடப் போகல. எனக்குப் பத்தியக் கஞ்சின்னு நீயும் அதையே குடிச்ச. ஒன்ன எனக்குத் தெரியாதாலே?" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கினான். "சரி, விடாட்டாலும் நான் கேட்டேன்னு ஒனக்குப் பிடிக்காத சைக்கிள வாங்குவ. பிடிச்சிருக்குன்னு எங்கிட்டயே பொய் சொல்லுவ. காலம் பூரா எனக்காக அத மிதிச்சிட்டு வருவ. அது எனக்கு வேண்டாம்லே. அதான் காரணத்தச் சொல்லாம, நீயா பிடிச்சு வாங்குற மாதிரி பண்ணலாம்னு பாத்தேன்."

"அண்ணே, எனக்கு நெசமாவே பிடிச்சிருக்கு. அதச் சொல்லத்தான் திரும்பினேன். அம்மா சத்தியமா."

அவன் சிரித்தான். வலியோடுதான் சிரித்தான். பேச்சிச்செல்வியைப் பார்த்து, "பாத்தியளா, ஆரம்பிச்சிட்டான்" என்றான்.

அவளும் சிரித்தாள். என் உண்மையை நம்ப அங்கே ஒரு ஆள் இல்லை.

டெரன்ஸுக்கு போன் போட்டு, லோடு ஆட்டோவில் அண்ணனையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். மறுநாளிலிருந்து ஜெர்லின் என்கிற பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். கண்டிப்பான பெண். மூன்று மாதம் முழுசாகப் பயிற்சி செய்ய வைத்தாள். கல்லாவில் ஒரு மணி நேரத்துக்குமேல் சேர்ந்தாற்போல் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டதால், பாதி நேரம் நான் கல்லாவில் உட்கார்ந்தேன். அவன் பின்னால் நின்றுகொண்டு வருகிறவர்களிடம் பேசினான். ஆனியில் ஒருநாள் அவனைக் குனியவைத்து, நிமிரவைத்து, காலைத் தூக்கவைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் ஷாக் உள்ளதுன்னா மெதுவா ஓட்டலாம். மத்தது தொடவே கூடாது," என்றாள்.

வெளியே வந்ததும் நான், "அப்ப டெரன்ஸ்ட்ட ரெண்டு ஃபுல் சஸ்பென்ஷன் சொல்லிருதேன்," என்றேன்.

அண்ணன் நின்றான். "நீ அத எடுத்தா எனக்கு எதுவும் வேண்டாம். நான் வீட்டுலயே நடந்துக்கிடுதேன்."

"ஏன்ணே இப்படிப் பண்ணுத?"

"நாலு வாரம் எங்கிட்ட ஹார்ட்டெயில் ஹார்ட்டெயில்னு சண்ட போட்டவன் நீ. எனக்கு நோவுன்னு தெரிஞ்ச அன்னைக்கே ஒனக்கு மனசு மாறிட்டாக்கும்? நான் பின்னால வரும்போதெல்லாம், இவன் எனக்காகத்தான் வாரான்னு நெனச்சுக்கிட்டே வரணும். முடியாதுலே."

அவன் கண் கலங்கியிருந்தது. நான் என்ன சொன்னாலும் அது அவனுக்காகச் சொல்வதாகத்தான் அவன் காதில் விழும். உண்மையைச் சொல்லி அவனை வீட்டில் உட்கார வைக்கலாம். இல்லையென்றால் பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகலாம். மூன்றாவது வழி இல்லை. நான் அதிக நேரம் யோசிக்கவில்லை.

"நல்லதாப் போச்சு. நீ சொன்னதால வெளிப்படையாச் சொல்லுதேன். எனக்கு அந்தக் குதிக்கிற சைக்கிள் பிடிக்கவே இல்ல. ஒனக்காகத்தான் சொன்னேன். எனக்கு ஹார்ட்டெயில்தான்," என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக அவனை நான் பார்த்ததில்லை. "அப்படி வா வழிக்கு," என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான்.

இரண்டு சைக்கிளும் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது அம்மா வெளியே வந்தாள். ஒன்று சாம்பல் நிறம், ஒன்று பச்சை. ஒன்றில் பின்னால் ஷாக் துருத்திக்கொண்டு தெரிந்தது. மற்றதில் இல்லை. அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்களையும் பார்த்தாள்.

"பிரிஞ்சிட்டீங்களாலே?" என்றாள்.

"இல்லம்மா. எனக்கு இது ஒத்துக்கிடுது. அவனுக்கு அது பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்," என்றான் அண்ணன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நெசமாவே பிடிச்சிருக்கா ஒனக்கு?"

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரொம்பப் பிடிச்சிருக்கும்மா."

அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரிந்ததோ, உள்ளே போய்ச் சந்தனமும் குங்குமமும் எடுத்துவந்து இரண்டு சைக்கிளுக்கும் வைத்தாள்.

அந்த ஞாயிறு மறுபடியும் வரப்பில் ஏறினோம். அண்ணன் முன்னால் போனான், வலி இல்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்து, பாத்திகளைப் பார்த்துக்கொண்டு. கோடை வெயிலில் வரப்பு போன தடவையைவிட மோசமாக வெடித்திருந்தது. ஒவ்வொரு வெடிப்பும் பின்சக்கரம் வழியாக ஏறி, என் இடுப்புக்கு வந்து, பல்வரைக்கும் விசாரித்துவிட்டுப் போனது.

"எப்படி இருக்குலே?" என்று திரும்பாமலே கத்தினான்.

"அருமையா இருக்குண்ணே," என்றேன்.

"நான் சொன்னம்லா. ஒனக்கு இதுதான் சரி," என்றான் சந்தோஷமாக. நான் இருக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பி நின்று மிதித்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனேன்.